லோரன்ட்சுக் காரணி: வருவிப்பும் தமிழாக்கமும்

1. முன்னுரை

சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின் முடிவுகள் பலவற்றில் ஒரே கணிதக் கோவை திரும்பத் திரும்ப வருகிறது. கால நீட்சி, நீளக் குறுக்கம், விரைந்து செல்லும் துகளின் ஆற்றல் ஆகிய மூன்றும் அக்கோவையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. டச்சு இயற்பியலறிஞர் ஹென்ட்ரிக் அன்டோன் லோரன்ட்சு (1853–1928) பெயரால் அதனை லோரன்ட்சுக் காரணி என வழங்குவர். அதனை வருவிப்பதற்குப் பிதாகரசுத் தேற்றமும் சிறிதளவு இயற்கணிதமுமே போதும். ஆயினும், அவ்வருவிப்பைத் தமிழில் எழுதப் புகுவோர் ஓரிடத்தில் இடர்ப்படுகின்றனர். கணிதம் அவர்களைத் தடுப்பதில்லை. வினைச்சொல்லும் வேற்றுமை உருபுமே தடுக்கின்றன.

இக்கட்டுரை இரு நோக்கங்களை உடையது. ஒன்று, இயற்பியல் பயிலாத மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பின்பற்றத்தக்க வகையில் லோரன்ட்சுக் காரணியைப் படிப்படியாக வருவித்துக் காட்டுதல். மற்றொன்று, அவ்வருவிப்பின் ஒவ்வொரு படியும் தமிழ்த் தொடரமைப்பிடம் எதனை வேண்டி நிற்கிறது என்பதை ஆராய்தல்.

எடுத்துக்காட்டுகள் புனேயிலிருந்தும் உதகமண்டலத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. புனேப் பல்கலைக்கழக வளாகத்தில் இரு ஆய்வு நிறுவனங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று, 1988இல் தோற்றுவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வானியல், வானியற்பியல் மையம். மற்றொன்று, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய வானொலி வானியற்பியல் மையம். பின்னதன் வேர்கள் உதகையில் உள்ளன. கோவிந்த் சுவரூப் (1929–2020) தலைமையிலான குழுவினர் 1970இல் உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை நிறுவினர். பின்னர் அவர்களே புனேக்கு வடக்கே, கோடாட் என்னும் ஊரருகில், 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகளைக் கொண்ட பெருந்தொலைநோக்கியை அமைத்தனர். லோரன்ட்சுக் காரணி இவ்விடங்களில் நாளும் ஆளப்படும் ஓர் எண் ஆகும்.

2. வரலாற்றுப் பின்புலம்

ஒளி, ஈதர் என்னும் நுண்பொருளின் வழியே பரவுகிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலார் கருதினர். அவ்வாறாயின், ஈதரில் பூமி நகரும் வேகம் ஒளியின் வேகத்தை அளக்கும்போது வெளிப்பட வேண்டும். 1887இல் மைக்கெல்சனும் மார்லியும் செய்த நுட்பமான சோதனையில் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. இதனை விளக்க, ஈதரினூடே செல்லும் பொருள்கள் தாம் செல்லும் திசையில் குறுகுகின்றன என 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், 1892இல் தனித்த நிலையில் லோரன்ட்சும் கருத்துரைத்தனர். லோரன்ட்சு தம் கருத்தை 1904ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக வகுத்தார். அவருடைய உருமாற்றச் சமன்பாடுகளுக்கு லோரன்ட்சின் பெயரை 1905இல் சூட்டியவர் ஹென்றி புவான்கரே.

அதே ஆண்டில் ஐன்ஸ்டைன் அச்சமன்பாடுகளையே வேறு வழியில் அடைந்தார். அவர் ஈதரையோ பொருள்களின் உள்ளமைப்பையோ துணைக்கொள்ளவில்லை. சீரான வேகத்தில் செல்லும் குறிப்பாயங்கள் அனைத்திலும் இயற்பியல் விதிகள் ஒரே வடிவின. வெற்றிடத்தில் ஒளியின் வேகம், ஒளியை உமிழும் பொருளின் வேகத்தைச் சார்ந்ததன்று என்னும் இரு எடுகோள்களே அவருக்குப் போதுமானவையாயின. ஆகவே லோரன்ட்சிடமும் ஐன்ஸ்டைனிடமும் வாய்பாடு ஒன்று; அதன் பொருள் வேறு. மொழிபெயர்ப்பாளர் கவனம் கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவாகும்.

இத்துறையில் இந்தியர்க்கு மொழிபெயர்ப்பு வழியே தொடக்கக் காலத்திலேயே உறவு உண்டு. ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் ஜெர்மன் மூலக் கட்டுரைகளை மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் ஆங்கிலத்தில் பெயர்க்க, மகலனோபிஸின் வரலாற்று முன்னுரையுடன் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் நூலாக வெளியிட்டது. மொழிபெயர்த்தோர் இருவரும் அப்போது முப்பது வயதை எட்டாத இளம் விரிவுரையாளர்கள்.

குறியீடுகளும் மொழிபெயர்ப்புக்கு உட்பட்டவையே. 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐன்ஸ்டைன் இக்காரணியைப் பீட்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறித்தார். இன்றைய நூல்களில் அது காமா ஆகிவிட்டது. பீட்டாவோ, பொருளின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கிறது. மூலத்தின் எழுத்தை அப்படியே கொண்டு, இன்றைய பாடநூலின் விளக்கத்தை அதன் அருகில் வைப்பவர் ஓர் எண்ணை மற்றோர் எண்ணாக மாற்றிவிடுவார். இக்கட்டுரையில் தமிழ் எழுத்துகளே குறியீடுகளாகக் கொள்ளப்படுகின்றன.

3. வருவிப்பு

புனேயின் சிவாஜிநகரிலிருந்து லோணாவளா நோக்கிச் சீரான வேகத்தில், நேர்கோட்டில் ஒரு தொடர்வண்டி செல்வதாகக் கொள்வோம். வண்டியின் தளத்தில் ஒரு கண்ணாடியும், நேர்மேலே கூரையில் மற்றொரு கண்ணாடியும் பொருத்தப்பட்டுள்ளன. ஓர் ஒளித்துடிப்பு இவ்விரண்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. அது தளத்தை அடையும் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு எனக் கணக்கிட்டால், இதுவே ஒரு கடிகாரம் ஆகிறது.

கண்ணாடிகளின் இடைவெளி உ. ஒளியின் வேகம் ஒ. வண்டியின் வேகம் வ. ஒளி ஒருமுறை ஏறி இறங்குவதற்கு ஆகும் நேரத்தில் பாதி, வண்டியில் அளந்தால் த எனவும், தரையில் அளந்தால் ந எனவும் கொள்க.

வண்டிக் குறிப்பாயத்தில் ஒளி நேராக மேலேறி நேராகக் கீழிறங்குகிறது. ஆகவே,

உ = ஒ × த … (1)

தரைக் குறிப்பாயத்தில் ஒளியின் பாதை வேறுபடுகிறது. ஒளி கூரையை எட்டுவதற்குள் கூரைக் கண்ணாடி வ × ந தொலைவு முன்னே சென்றுவிடுகிறது. எனவே பாதை, ஓட்டுவீட்டுக் கூரையின் இரு சரிவுகளைப்போல் சாய்ந்து ஏறிச் சாய்ந்து இறங்குகிறது. ஒரு சரிவின் நீளம் ஒ × ந. அதனைக் கர்ணமாகவும், உ, வ × ந ஆகியவற்றைச் செங்கோணப் பக்கங்களாகவும் கொண்ட முக்கோணத்தில்,

(ஒ × ந)² = உ² + (வ × ந)² … (2)

(1)இலிருந்து உவின் மதிப்பை (2)இல் இட,

ஒ² × ந² = ஒ² × த² + வ² × ந²

ந² × (ஒ² − வ²) = ஒ² × த²

ந = த ÷ √(1 − வ²/ஒ²) … (3)

தவைப் பெருக்கும் கோவையே லோரன்ட்சுக் காரணி. அதனை லா எனக் குறித்தால்,

லா = 1 ÷ √(1 − வ²/ஒ²), ந = லா × த … (4)

வருவிப்பு இவ்வளவே. ஆனால் இதனுள் மூன்று கூற்றுகள் வெளிப்படச் சொல்லப்படாமல் நிற்கின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் அவற்றில்தான் கோட்பாட்டின் உயிர் உள்ளது.

முதலாவது: சாய்பாதையிலும் ஒளியின் வேகம் ஒ என்றே கொள்ளப்பட்டது. பழைய இயக்கவியலின்படி வண்டியின் வேகமும் ஒளியின் வேகமும் கூடி, சாய்பாதையில் வேகத்தின் இருபடி ஒ² + வ² ஆகியிருக்கும். அவ்வாறு கொண்டால் (2)ஆம் சமன்பாட்டின் இருபுறத்திலும் வ² × ந² நீங்கி, ந = த என்றே முடியும்; காரணி ஒன்றும் பிறவாது. ஆதலின் லோரன்ட்சுக் காரணி முழுவதும் ஐன்ஸ்டைனின் இரண்டாம் எடுகோளிலிருந்து பிறப்பது என்பது தெளிவு.

இரண்டாவது: கண்ணாடிகளின் இடைவெளி இரு குறிப்பாயங்களிலும் உ என்றே கொள்ளப்பட்டது. இதற்கு நியாயம் வேண்டும். ஒரே உயரமுள்ள இரு செங்குத்துக் கோல்களில் ஒன்றை வண்டியிலும் மற்றொன்றைத் தரையிலும் நிறுத்தி, ஒவ்வொன்றின் உச்சியிலும் மைதோய்ந்த தூரிகையைப் பொருத்துவோம். இடம்பெயரும் கோல் உயரத்தில் குறையும் என்பது உண்மையானால், தரைக் குறிப்பாயத்தில் வண்டிக் கோல் குட்டையானது. எனவே அதன் தூரிகை தரைக் கோலில் கோடிடும். வண்டிக் குறிப்பாயத்தில் இடம்பெயர்வது தரைக் கோல். எனவே கோடு வண்டிக் கோலில் விழவேண்டும். மை எந்தக் கோலில் உள்ளது என்பதில் இருவேறு விடைகள் இருத்தல் இயலாது. ஆகவே செங்குத்துத் திசையில் குறைவும் இல்லை, மிகுவும் இல்லை.

மூன்றாவது: ஒளி புறப்படுதல், ஒளி திரும்புதல் ஆகிய இரு நிகழ்வுகளும் வண்டியில் ஒரே இடத்தில் நிகழ்கின்றன, அவற்றை ஒரே கடிகாரத்தால் அளக்கலாம். தரையில் அவை வெவ்வேறு இடங்களில் நிகழ்கின்றன. அவற்றை அளக்க, ஒளிக்குறிப்புகளால் ஒத்தியக்கப்பட்ட இரு கடிகாரங்கள் வேண்டும். எனவே (4)ஆம் சமன்பாடு, ஒரு கடிகாரத்தின் அளவையும் இரு கடிகாரங்களின் அளவையும் ஒப்பிடுகிறது. தரைக் கடிகாரம் ஒன்றை வண்டியிலிருந்து அளக்கப் புகுந்தால், இரு கடிகாரங்கள் வண்டிக்குத் தேவைப்படும். அப்போது நீண்ட நேரம் வண்டியின் கணக்கில் அமையும். ‘அவன் கடிகாரம் மெதுவு என இவனும், இவன் கடிகாரம் மெதுவு என அவனும் கூறுவது எங்ஙனம்?’ என்னும் வினாவுக்கு இதுவே விடை. அளவைகள் இரண்டும் வெவ்வேறானவை. ஆதலின் முரண் இல்லை.

4. காரணியின் அளவு

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு மணிநேரம் ஓடினால், இரு அளவைகளுக்கும் இடையிலான வேறுபாடு, ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிக் கூறுகளாக்கி, அவற்றுள் ஏறத்தாழ ஒன்றரைக் கூறு ஆகும். அன்றாட மொழி இவ்வேறுபாட்டைக் குறிக்கச் சொல் வகுக்காமைக்குக் காரணம் கண்கூடு.

ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டில் காரணி 1.25, 80 விழுக்காட்டில் 1.67, 99 விழுக்காட்டில் 7.09, 99.9 விழுக்காட்டில் 22.4. வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காரணி எல்லையின்றி வளர்கிறது. வேகங்கள் சமமாயின் (4)இல் பகுதி சுழியாகிவிடும்.

பால்வெளியிலிருந்தும் பிற விண்மீன் மண்டலங்களிலிருந்தும் வரும் வானொலி அலைகளில் பெரும்பகுதி, காந்தப் புலத்தில் சுழன்று செல்லும் எலெக்ட்ரான்களால் உமிழப்படுகிறது. கோடாட் தொலைநோக்கி வாங்கும் அதிர்வெண்களில் ஒளிரும் அத்தகைய எலெக்ட்ரான்களின் லோரன்ட்சுக் காரணி பொதுவாகச் சில ஆயிரங்கள் அளவினது. வண்டியில் எண்ண முடியாத அளவு சிறிதாயிருந்த வேறுபாடு, இங்கே ஆயிரம் மடங்குகளாகிறது.

5. தோன்றுதலா, அளத்தலா?

அறிவியல் எழுத்தில் எளிதாக நுழைந்துவிடும் ஒரு தொடர் உண்டு: ‘வேகமாகச் செல்லும் கடிகாரம் தரையில் நிற்பவருக்கு மெதுவாக ஓடுவதுபோல் தோன்றும்.’ இத்தொடர் பணிவுடையது, வாசகரை அச்சுறுத்தாதது. ஆயினும் இருவகையில் பிழையுடையது.

முதலாவதாக, கண்ணுக்குத் தோன்றுவது வேறு. நம்மை நோக்கி வரும் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடக் குறைந்த தொலைவையே கடந்து நம் கண்ணை அடைகிறது. எனவே துடிப்புகள் நெருங்கி வருகின்றன. ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டில் நேராக நம்மை நோக்கி வரும் கடிகாரம், இருமடங்கு விரைவாக ஓடுவதாகத் தோன்றும். அதே வேகத்தில் விலகிச் செல்வது பாதி விரைவில் ஓடுவதாகத் தோன்றும். ஒளி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துக் கணக்கிட்ட பின்னரே, இரு நிலையிலும் 1.25 என்னும் காரணி எஞ்சும். ஆகவே, ‘மெதுவாக ஓடுவதுபோல் தோன்றும்’ என்று எழுதுபவர், நெருங்கிவரும் கடிகாரத்தைப் பற்றி உண்மைக்கு நேர்மாறானதை எழுதுகிறார்.

இரண்டாவதாக, ‘தோன்றும்’ என்னும் வினை, ‘உண்மையில் அவ்வாறில்லை’ என்னும் குறிப்பைத் தமிழில் உடன்கொண்டு வருகிறது. கானல் நீராகத் தோன்றுகிறது. கயிறு பாம்பாகத் தோன்றுகிறது. கால நீட்சி இவ்வகையினதன்று. உதகையில் நாள்தோறும் நிகழும் அளவீடு இதற்குச் சான்று.

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் துகள்களை உண்டாக்குகின்றன. நிலையாக இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அந்நேரத்தில் ஒளியே ஏறத்தாழ 660 மீட்டர்தான் செல்லும். உதகை, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே துகள் கடக்கவேண்டிய தொலைவு சுமார் 13 கிலோமீட்டர். கால நீட்சி இல்லையெனக் கொண்டால், நூறு கோடி மியூவான்களில் ஏறத்தாழ மூன்றே உதகையை எட்டும். லோரன்ட்சுக் காரணி 20 உடைய மியூவான்களுக்கு (4)ஆம் சமன்பாட்டை இட்டு, வழியில் நிகழும் ஆற்றல் இழப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வந்துசேரும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகையில் இயக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்பும் 3,712 எண்ணுகுழல்களும் கொண்டது. அது நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. அவை வந்துசேர்வதாகத் தோன்றவில்லை, வந்துசேர்கின்றன.

சிதையும் துகளையே கடிகாரமாகக் கருதலாம் என்பதையும், இயக்கத்தில் அதன் சிதைவு நேரம் நீளவேண்டும் என்பதையும் 1938இல் எடுத்துரைத்தவர்களுள் ஹோமி பாபா முன்னோடி. அவர் பின்னர் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமே உதகையில் அத்துகள்களை எண்ணிவருகிறது. 1941இல் ரோசியும் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் நடத்திய ஆய்வு இந்நீட்சியை அளவிட்டுக் காட்டியது. ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் காரணி 29.3 உடைய மியூவான்களை வளையத்தில் சுழலவிட்டு அளந்த முடிவுகள் 1977இல் வெளியாயின; அங்கு ஆயுள் 64 பங்கென, ஏறத்தாழ 29 மடங்காக, நீண்டிருந்தது.

இந்நிகழ்வையே மியூவானின் குறிப்பாயத்தில் கணக்கிட்டுக் காண்பதும் பயனுடையது. அங்கு அதன் ஆயுள் 2.2 பங்கே. ஆனால் அதனை நோக்கி விரைந்து வரும் வளிமண்டலத்தின் தடிப்பு, 13 கிலோமீட்டரை 20ஆல் வகுக்கக் கிடைக்கும் 650 மீட்டர். ஒரு குறிப்பாயத்தில் கால நீட்சியாக நிற்பது மற்றொன்றில் நீளக் குறுக்கமாக நிற்கிறது. உதகையை எட்டும் துகள்களின் எண்ணிக்கையோ இரண்டிலும் ஒன்றே.

6. வினையும் வேற்றுமையும்

மேற்கண்ட செய்திகளைத் தமிழ்த் தொடரில் அமைக்கும்போது மூன்று இலக்கணச் சிக்கல்கள் எழுகின்றன.

அ) ஓடுதல்: இயங்கும் கடிகாரங்கள் மெதுவாக ஓடும் என்னும் சுருக்க விதியை, ‘ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும்’ எனப் பெயர்த்தால், பழுதுபட்ட கடிகாரத்தைப் பற்றிய பேச்சாகவே தமிழர் அதனைக் கொள்வர். வண்டியும் ஓடுகிறது, கடிகாரமும் ஓடுகிறது. ‘இயங்கும் கடிகாரம்’ என்றாலும் ‘வேலை செய்யும் கடிகாரம்’ என்றே பொருள்படும். எனவே ‘இடம்பெயரும் கடிகாரம்’ என்பதே பொருந்தும்.

ஆ) குறுகுதல்: ‘கோல் குறுகுகிறது’ என்பது, முன்பு நீண்டிருந்த கோல் பின்பு குறைந்தது என்னும் மாற்றத்தைக் கூறுகிறது. ஈதரினூடே செல்வதால் கோலின் உள்ளமைப்பில் விசைகள் மாறிக் கோல் சுருங்குகிறது எனக் கருதிய லோரன்ட்சைப் பெயர்ப்பதற்கு இவ்வினை முற்றும் தகும். ஐன்ஸ்டைனுக்கு இது தகாது. அவருடைய கோட்பாட்டில் கோலுக்கு எதுவும் நேர்வதில்லை. வேறொரு குறிப்பாயத்தில் அதன் நீளம் குறைவாக இருக்கிறது. ஆகவே 1904ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘குறுகுகிறது’ என்றும், 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘குறைவாக அளக்கப்படுகிறது’ அல்லது ‘குறைவாக உள்ளது’ என்றும் அமைத்தல் வேண்டும். வாய்பாடு ஒன்றாயிருப்பது கருதி வினையையும் ஒன்றாக்கிவிட்டால், ஓராண்டு இடைவெளியில் இயற்பியலில் நேர்ந்த மாற்றம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும்.

இ) நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும்: ‘தரையில் நிற்பவருக்கு ஒரு நொடி, வண்டியில் இருப்பவருக்கு அரை நொடி’ என நான்காம் வேற்றுமையில் எழுதுவது எளிது. ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் புரிகிறது’ ஆகிய தொடர்களில் நான்காம் வேற்றுமை அனுபவிப்போரைச் சுட்டுகிறது என்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. அப்பழக்கத்தால் ‘அவருக்கு அரை நொடி’ என்பதும் அவருடைய மனநிலையைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. காத்திருப்போருக்கு நேரம் நீளும் என்பது போன்ற உளவியல் உண்மையோடு கால நீட்சியைக் குழப்பிக்கொள்வதற்கு இவ்வுருபும் ஒரு காரணம்.

‘தரைக் குறிப்பாயத்தில் அளந்தால் ஒரு நொடி’ என ஏழாம் வேற்றுமையில் அமைத்தால் இக்குழப்பம் நீங்குகிறது. குறிப்பாயம் என்பது மனிதர் அன்று. ஒத்தியக்கப்பட்ட கடிகாரங்களும் அளவுகோல்களும் பரவிய ஓர் அமைப்பு. அங்கு எவரும் நின்று பார்க்கவேண்டியதில்லை. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு வினைசெய்யும் இடம், நிலம், காலம் ஆகிய மூன்றையும் பொருளாக வகுத்துள்ளார். அளத்தல் என்னும் வினை நிகழும் இடத்தைக் குறிக்க அவ்வுருபு இயல்பாகவே அமைகிறது. இதனால் சார்பியலைத் தொல்காப்பியம் முன்னரே அறிந்தது எனக் கொள்ளற்க. நமக்குத் தேவையான கருவி நம் இலக்கணத்தில் உள்ளது என்பதே இங்குக் கருத்து.

காலம் பற்றிய ஐன்ஸ்டைனின் ஆராய்ச்சியே மொழியிலிருந்து தொடங்குகிறது என்பதும் நினையத்தக்கது. தொடர்வண்டி ஏழு மணிக்கு வந்தது என்பதன் பொருள், வண்டியின் வருகையும் கடிகார முள் ஏழைக் காட்டுதலும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே என அவர் விளக்குகிறார். மேலும், ‘நிலைத்த அமைப்பு’ என்னும் பெயரைச் சொல்லளவில் வேறுபடுத்திக் காட்டும் பொருட்டே தாம் இடுவதாகவும் குறிப்பிடுகிறார். ஆகவே ‘நிலைத்த’ என்பதை ‘அசையாத’, ‘உண்மையில் ஓய்வாக உள்ள’ என்றெல்லாம் அழுத்தம் கூட்டிப் பெயர்த்தல் மூலத்துக்கு மாறானது.

7. கலைச்சொற்கள் சில

சார்பு: மராத்தியில் சார்பியலை ‘ஸாபேக்ஷதா’ என்பர். ‘அபேக்ஷா’ என்னும் வடசொல்லின் வழிவந்த ‘பேக்ஷா’, மராத்தியில் ‘விட’ என்னும் ஒப்பீட்டுப் பொருளில் நாள்தோறும் வழங்குகிறது. ‘என்னைவிடப் பெரியவன்’ என்பதை ‘மாஜ்யாபேக்ஷா மோட்டா’ என்பர். எனவே புனேயின் பள்ளி மாணவர் அக்கலைச்சொல்லில் இரண்டை ஒப்பிடும் உருபைக் கேட்க முடியும். மராத்தியில் அறிவியல் எழுத்தைப் பேணி வளர்த்த ஜயந்த் நார்ளீகர் (1938–2025) போன்றோருக்கு இச்சொல் வாய்த்த வசதி இது. தமிழில் ‘சார்பு’ மூன்று சுமைகளைத் தாங்குகிறது. கணிதத்தில் அது இரு கணங்களுக்கு இடையிலான தொடர்பைக் குறிக்கும். பொதுவழக்கில் ‘ஒருசார்பு’, ‘பக்கச்சார்பு’ எனக் கோடிய மனநிலையைக் குறிக்கும். இயற்பியலில் இக்கோட்பாட்டைக் குறிக்கும். ‘சார்புக் கோட்பாடு’ என்பதினும் ‘சார்பியல்’ என்பது தெளிவுடையது. சொல்லின் அகவயப் பொருளிலிருந்து விலகி நிற்பதற்கும் அதுவே உதவும். மொழியியலில் ‘மொழிச் சார்பியல்’ என வோர்ஃப் வழங்கிய கொள்கை வேறு என்பதையும் சுட்டிச் செல்லுதல் நன்று.

காரணி: சமூகவியலில் ‘காரணி’ விளைவை உண்டாக்குவது, கணிதத்தில் பெருக்கும் எண். லோரன்ட்சுக் காரணி பின்னதே. அது கடிகாரத்தை மெதுவாக்கும் காரணம் அன்று. முதல் ஆட்சியில் ‘லோரன்ட்சுப் பெருக்குக் காரணி’ என விரித்து எழுதி, பின்னர்ச் சுருக்கிக்கொள்வது தகும்.

தன்னேரம்: ஒரே கடிகாரம் அளக்கும் நேரத்துக்கு மின்கோவ்ஸ்கி 1908இல் ‘ஐகன்ட்சைட்’ எனப் பெயரிட்டார். இதன் பொருள் ‘சொந்த நேரம்’. ஆங்கிலத்தில் இதற்கு ஆண்ட ‘பிராப்பர்’ என்னும் அடை, ‘தனக்குரிய’ என்னும் பழைய பொருளைக் கொண்டது. அதன் இன்றைய வழக்கை மட்டும் நோக்கினால் ‘முறையான நேரம்’ எனப் பெயர்க்க நேரும். அதனால் பிற நேரங்கள் எல்லாம் முறையற்றவை ஆகிவிடும். ‘தன்’ என்பதனோடு ‘காலம்’ சேர்ந்தால் புணர்ச்சி விதிப்படி ‘தற்காலம்’ என்றாகி, ‘இக்காலம்’ என்னும் பொருளில் ஒலிக்கும். ஆகவே ‘தன்னேரம்’ என்பதே ஏற்றது. (4)ஆம் சமன்பாட்டில் த என்னும் எழுத்து அதனைக் குறிப்பதாகும்.

அளப்போர்: ‘பார்வையாளர்’ என்னும் சொல் அரங்கில் அமர்ந்து காண்போரை நினைவூட்டுகிறது, ஐந்தாம் பகுதியில் கூறிய ‘தோன்றுதல்’ அதன்வழி மீண்டும் நுழைந்துவிடும். ‘அளப்போர்’ என்பது நேரிய சொல். ஆள் தேவையில்லாதவிடத்துக் ‘குறிப்பாயம்’ என்பதே போதும்.

8. முடிவுரை

லோரன்ட்சுக் காரணியின் வருவிப்பு நான்கு சமன்பாடுகளில் முடிகிறது. அச்சமன்பாடுகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ‘எந்தக் குறிப்பாயத்தில்’ என்னும் வினா ஒட்டியே நிற்கிறது. சமன்பாட்டில் ந, த என்னும் வேறுபாடு அவ்வினாவுக்கு விடையளிக்கிறது. தொடரில் அவ்விடையை அளிக்கவேண்டியது வேற்றுமை உருபு. தமிழ்த் தொடர் எழுவாயையும் இடத்தையும் தொகையாக விட்டுச் செல்ல இடந்தரும் இயல்பினது. பிற துறைகளில் அது சுருக்கத்துக்கும் அழகுக்கும் உதவும். சார்பியலைப் பெயர்க்கும்போது குறிப்பாயத்தைச் சொல்லாமல் விட்ட தொடர், பொருள் நிரம்பாத தொடராகும்.

எனவே இத்துறையில் மொழிபெயர்ப்போர் பின்வரும் அமைப்பைக் கைக்கொள்ளலாம்: ‘ஒரு குறிப்பாயத்தில் இடம்பெயரும் கடிகாரத்தின் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம், அக்குறிப்பாயத்தில் அளக்கும்போது, அக்கடிகாரத்தின் தன்னேரத்தைப்போல் லோரன்ட்சுக் காரணி மடங்கினதாக இருக்கும்.’ இத்தொடர் நீளமானதுதான். ஆனால் இதில் தோற்றமும் இல்லை, மயக்கமும் இல்லை. உதகையின் எண்ணுகுழல்களில் பதிவாகும் ஒவ்வொரு மியூவானுக்கும் இது பொருந்தும்.